சுவரோரத்துப் பத்து மில்லிமீட்டர்

புதிதாக லேமினேட் தரை போட்டு முடித்த அறைக்குள் நுழைந்தால் கண் முதலில் போவது பலகையின் நிறத்துக்கு அல்ல, ஓரத்துக்குத்தான். நான்கு சுவர்களையும் ஒட்டிச் சுண்டுவிரல் நுழையும் அகலத்துக்கு ஓர் இடைவெளி ஓடும். உள்ளே பழைய தரை தெரியும். அடியில் போட்ட நுரை விரிப்பின் விளிம்பு எட்டிப் பார்க்கும். அறுத்த தூள் கிடக்கும். இத்தனை பணம் கொடுத்தவருக்கு முகம் வாடுவது இயல்பு. "அளவு குறைச்சலா வெட்டிட்டீங்களாப்பா?" என்று கேட்பார். வேலை செய்தவர், சுவருக்கும் பலகைக்கும் நடுவே செருகியிருந்த ஆப்புகளை ஒவ்வொன்றாகப் பிடுங்கிப் பைக்குள் போட்டுக்கொண்டே, "அது இருக்கணும் சார். பீடிங் அடிச்சா மறைஞ்சிடும்" என்பார்.

இடைவெளி இருக்க வேண்டும் என்பது சரி. பீடிங் அதை மறைக்கும் என்பதும் சரி. ஆனால் அந்தப் பீடிங்கை எதில் அடிப்பது? சுவரிலா, தரையிலா? தரை பல வருடம் அசையாமல் கிடக்குமா, அடுத்த மழைக்காலத்திலேயே நடு அறையில் முதுகு தூக்குமா என்பது பெரும்பாலும் இந்தக் கேள்விக்கான விடையைப் பொறுத்தது. வீட்டுக்காரர்கள் பலகையின் நிறத்தைத் தேர்ந்தெடுக்க வாரக்கணக்கில் அலைகிறார்கள். ஓரச் சட்டத்தை ஒரு நிமிடத்தில் முடிவு செய்கிறார்கள். நிறம் தவறிப்போனால் பழகிக்கொள்ளலாம். ஓரம் தவறிப்போனால் பழக முடியாது.

லேமினேட் பலகை, மரத்தின் படம் ஒட்டிய மரம். கண்ணுக்குத் தெரியும் தேக்கு ரேகையும் ஓக் ரேகையும் அச்சடித்த காகிதம். மெலமின் பிசினில் ஊறிய அந்தக் காகிதத்தின் மேல் தெளிந்த இன்னொரு தாள் இருக்கும். அதில் அலுமினியம் ஆக்சைடு துகள்கள் கலந்திருக்கும். மாணிக்கமும் நீலக்கல்லும் எந்தச் சேர்மமோ அதே சேர்மம், நிறம் தரும் கலப்புகள் மட்டும் இல்லை. நாற்காலியை இழுத்தால் எளிதில் கீறல் விழாததற்கு அதுதான் காரணம். இந்தப் பலகையை அறுக்கும் ரம்பத்தின் பல் சீக்கிரம் மழுங்குவதற்கும் அதுவே காரணம். பலகையின் அடிப்பக்கத்தில் மற்றொரு பிசின் தாள். மேலே மட்டும் தாள் இருந்தால் பலகை ஒரு பக்கமாக வளைந்துவிடும் என்பதால் எதிர்ப்பக்கம் இழுத்துப் பிடிக்க அது. இந்தத் தாள்கள் எல்லாம் சேர்ந்தாலும் ஒரு மில்லிமீட்டர் தேறாது. மீதியுள்ள தடிமன் முழுவதும் எச்.டி.எஃப். என்று கடையில் சொல்லப்படும் உயர் அடர்த்தி இழைப்பலகை.

இழைப்பலகை செய்யும் முறை எளிமையாகச் சொன்னால் இதுதான்: மரச் சில்லுகளை நீராவியில் வேகவைத்தால், இழைகளை ஒன்றோடொன்று பிணைத்திருக்கும் லிக்னின் இளகும். இளகிய சில்லுகளை இரண்டு தட்டுகளுக்கு நடுவே அரைத்தால் இழைகள் பிரிந்து பஞ்சுபோல் வரும். அதில் பிசின் கலந்து, சூடான அழுத்தியில் நசுக்கினால் பலகை. நீராவியின் அழுத்தத்தால் மரச் சில்லுகளை வெடிக்கவைத்து இழை பிரிக்கும் வழியை அமெரிக்காவின் மிசிசிப்பி மாநிலத்தில் வில்லியம் மேசன் 1924-இல் கண்டார்; மேசனைட் என்ற கெட்டி அட்டைப் பலகை அதிலிருந்து பிறந்தது. இன்றைய தரைப்பலகையின் உட்பகுதி ஒரு கன மீட்டருக்கு 800 முதல் 900 கிலோவுக்கும் மேல் எடை உள்ளது. தேக்கு ஏறக்குறைய 650 கிலோதான். கையில் தூக்கிப் பார்த்தால் இது மரத்தைவிடக் கனமான மரம்.

அலங்கார லேமினேட் தகடுகளைப் பல காலமாகச் செய்துவந்த ஸ்வீடன் நிறுவனம் பெர்ஸ்டோர்ப். சமையல் மேடையில் ஒட்டும் தகட்டைக் காலுக்கடியிலும் போட முடியுமா என்ற யோசனை 1977-இல் அங்கே உருவெடுத்தது. 1984-இல் பெர்கோ என்ற பெயரில் ஐரோப்பியச் சந்தைக்கும் 1994-இல் அமெரிக்காவுக்கும் போனது. தொடக்கத்தில் பலகைகளைப் பசை போட்டு இணைத்தார்கள். 1996, 1997 ஆண்டுகளில் ஸ்வீடனின் வேலிங்கே நிறுவனமும் பெல்ஜியத்தின் யூனிலின் நிறுவனமும் பசையே வேண்டாத கொக்கிப் பிணைப்பைக் கொண்டுவந்தன. ஒரு பலகையைச் சாய்த்துச் செருகி அழுத்தினால் 'கிளிக்' என்று பூட்டிக்கொள்ளும். இன்று சென்னை அடுக்ககங்களில் 'வுடன் ஃப்ளோரிங்' என்ற பெயரில் பழைய டைல்ஸின் மேலேயே ஒரே நாளில் ஓர் அறையை முடித்துவிட்டுப் போவது இந்தக் கொக்கியால்தான்.

பசையானாலும் கொக்கியானாலும் விளைவு ஒன்றே. அறை முழுவதும் உள்ள பலகைகள் சேர்ந்து ஒரே தகடாகின்றன. அந்தத் தகடு கீழே எதிலும் ஒட்டாமல் நுரை விரிப்பின் மேல் சும்மா கிடக்கிறது. இதற்கு மிதக்கும் தரை என்று பெயர். பழைய பாணி மரத்தரையில் ஒவ்வொரு பலகையையும் அடியிலுள்ள சட்டத்தில் ஆணி அடித்துப் பிடித்திருப்பார்கள். அங்கே ஒவ்வொரு பலகையும் தன் இடத்திலேயே சுருங்கும், விரியும். கோடையில் பலகைக்குப் பலகை மெல்லிய கீற்று விழும், மழையில் மூடிக்கொள்ளும். அசைவு அறை முழுக்கப் பங்கிடப்படுகிறது. மிதக்கும் தரையில் பலகைக்கு நடுவே கீற்று விழ இடமில்லை. அத்தனை பலகைகளின் சின்னச் சின்ன அசைவும் கூடிக் கூடிச் சுவரோரத்துக்கு வந்துசேர்கிறது. நடுவில் ஒரு கோடுகூட இல்லாத தரை வேண்டும் என்று கேட்டதற்கு விலை, ஓரத்தில் அந்தப் பத்து மில்லிமீட்டர்.

சரி, தரை ஏன் அசைய வேண்டும்?

பொருள்கள் சூட்டில் விரியும் என்று பள்ளியில் படித்தோம். தண்டவாளங்களுக்கு நடுவே இடைவெளி விடுவது உதாரணமாகச் சொல்லப்பட்டது. 13 மீட்டர் நீளத் தண்டவாளம் 30 டிகிரி சூடேறினால் நாலரை மில்லிமீட்டருக்குச் சற்றுக் கூடுதலாக நீளும். அந்தப் பாடத்தை அப்படியே இங்கே கொண்டுவருபவர்கள் அதிகம். வெயில் காலத்தில் தரை விரியும் என்பார்கள். நடப்பது பெரும்பாலும் நேர்மாறானது. வறண்ட வெயிலில் மரம் சுருங்கும், மழையில் விரியும். மர இழையின் நீளவாக்கில் வெப்ப விரிவு ஒரு டிகிரிக்குப் பத்து லட்சத்தில் மூன்று முதல் ஐந்து பங்குதான். இரும்பில் பாதிகூட இல்லை. இழைக்குக் குறுக்கே அது இன்னும் பல மடங்கு உண்டு. ஆனாலும், மரத்தின் ஈரம் ஒரே ஒரு சதவீதம் கூடினால் குறுக்கே ஏற்படும் விரிவை வெப்பத்தால் உண்டாக்க வேண்டுமானால் மரத்தைப் பல பத்து டிகிரி சூடாக்க வேண்டும். எந்த வீட்டிலும் தரை அவ்வளவு சூடாவதில்லை. ஈரமோ வாரத்துக்கு வாரம் மாறுகிறது.

மரத்தின் செல் சுவர் செல்லுலோஸ் சங்கிலிகளால் ஆனது. அந்தச் சங்கிலிகளின் பக்கவாட்டில் ஹைட்ராக்சில் தொகுதிகள் வரிசையாக நிற்கின்றன. காற்றில் திரியும் நீர் மூலக்கூறுகளை அவை பிடித்து வைத்துக்கொள்ளும். நீர் உள்ளே நுழைந்து உட்கார, சங்கிலிகள் ஒன்றைவிட்டு ஒன்று விலக, சுவர் தடிக்கிறது. சங்கிலிகள் மரத்தின் நீளவாக்கில் ஓடுவதால் தடிப்பு குறுக்கேதான் நடக்கும். நீளம் ஏறக்குறைய மாறாது. பச்சை மரம் முழுக்கக் காய்ந்தால் ஆண்டு வளையத்தை ஒட்டிய திசையில் பல மரங்கள் 6 முதல் 10 சதவீதம் சுருங்கும். நீளவாக்கில் 0.1 அல்லது 0.2 சதவீதம். தேக்கு இதில் நிதானக்காரன். வாசற்கதவுக்குத் தேக்கு கேட்பதில் அழகு மட்டும் காரணமில்லை.

இழைப்பலகையில் இந்தத் திசைகள் குலைந்துவிட்டன. இழைகள் படுத்த வாக்கில், கண்ட திசையில் கிடக்கின்றன. ஒரு இழை தடித்து அகல முயன்றால் குறுக்கே கிடக்கும் இன்னொன்றின் விறைப்பு அதைப் பிடித்துக்கொள்ளும். அதனால் பலகையின் நீளம், அகலம் இரண்டும் மிதமாக, ஏறக்குறைய ஒரே அளவில் மாறும். வறண்ட காற்றிலிருந்து ஈரக் காற்றுக்கு மாறும்போது மீட்டருக்கு ஒன்றிலிருந்து மூன்று மில்லிமீட்டர் வரை என்று வைத்துக்கொள்ளலாம். பலகையின் தடிமன் திசையில் பிடித்துவைக்க யாருமில்லை. அழுத்தியில் நசுக்கப்பட்ட இழைகள் தண்ணீர் கண்டதும் பழைய உருவத்துக்குத் திரும்பப் பார்க்கும். வாளித் தண்ணீர் ஊற்றிக் கழுவிய லேமினேட் தரையில் இணைப்புகள் வரப்புபோல் மேலெழுவது இதனால்தான். நீள அகல மாற்றம் காற்று காய்ந்ததும் திரும்பிவிடும். தடிமன் வீக்கம் பெரும்பாலும் திரும்பாது.

இந்தத் தரை பிறந்த ஊரில் அதைப் படுத்துவது குளிர்காலம். வெளியே பூஜ்ஜியம் டிகிரி, ஈரப்பதம் 80 சதவீதம் என்றால் ஒரு கன மீட்டர் காற்றில் நாலு கிராம் நீராவிகூட இராது. அந்தக் காற்று ஜன்னல் இடுக்கு வழியாக உள்ளே வந்து 21 டிகிரிக்குச் சூடாகிறது. 21 டிகிரிக் காற்று 18 கிராம் வரை தாங்கும். நாலு கிராமை வைத்துக்கொண்டு அது பாலைவனமாகிவிடுகிறது: ஈரப்பதம் ஏறக்குறைய 21 சதவீதம். அந்தக் காற்றில் மரம் தன் எடையில் நாலரை சதவீத ஈரத்தோடுதான் சமநிலை கொள்ளும். 80 சதவீத ஈரப்பதத்தில் அதே மரம் 16 சதவீதம் வைத்துக்கொள்ளும். இழைப்பலகையில் இந்த எண்கள் சற்றுக் குறையும், போக்கு அதேதான். ஆக ஸ்வீடன் வீட்டில் சுவரோர இடைவெளி ஜனவரியில் அகலமாகவும் கோடையின் பிற்பகுதியில் குறுகலாகவும் இருக்கும்.

சென்னையில் குளிர்காலத்தின் வேலையைக் குளிரூட்டி செய்கிறது. இரவெல்லாம் ஏ.சி. ஓடும் படுக்கையறையில் காற்று ஓரளவு உலர்ந்திருக்கும். வடகிழக்குப் பருவமழை நேரத்தில் குடும்பம் ஊருக்குப் போய், வீட்டைப் பூட்டி, ஏ.சி. நின்று, கடற்காற்று ஒரு வாரம் உள்ளே தேங்கினால் பலகை குடிக்கத் தொடங்கும். திரும்பி வந்து கதவைத் திறப்பவர்தான் மேடிட்ட தரையை முதலில் பார்ப்பார். தண்ணீர்க் குழாய் எங்காவது கசிந்ததா என்று தேடுவார். கசிவே இல்லாமலும் இது நடக்கும்.

கணக்குப் போட்டுப் பார்க்கலாம். 6 மீட்டர் அறை, மீட்டருக்கு 2 மில்லிமீட்டர் மாற்றம்: மொத்தம் 12. இரண்டு பக்கமும் பாதிப் பாதியாக 6. தரை போட்ட நாளில் பலகை நடுத்தர ஈரத்தோடு இருந்திருந்தால் இதில் ஒரு பகுதிதான் மேற்கொண்டு விரியும். தயாரிப்பாளர்கள் பொதுவாகச் சொல்லும் 8 முதல் 10 மில்லிமீட்டர் இடைவெளி இந்தக் கணக்கிலிருந்துதான் வருகிறது, கொஞ்சம் பயத்தையும் சேர்த்து. பலகைப் பெட்டிகளை முன்கூட்டியே அதே அறையில் 48 மணி நேரம் வைத்திருக்கச் சொல்வதும் அந்த 'நடுத்தர ஈரம்' கிடைக்கத்தான். கிடங்கிலிருந்து நேரே வந்து இறங்கிய பலகையை அன்றே போட்டால், அது எந்த நிலையிலிருந்து தொடங்குகிறது என்பதே தெரியாது.

இடைவெளியை விடாவிட்டால் என்ன ஆகும்? சுவர் விரிசல் விடும் என்று சிலர் பயப்படுகிறார்கள். சுவருக்கு ஒன்றும் ஆகாது. தரைதான் எழும், அதுவும் நம்ப முடியாத உயரத்துக்கு.

3 மீட்டர் நீளப் பட்டை ஒன்று இரண்டு முனையிலும் சுவரில் முட்டி நிற்கிறது. ஈரத்தில் அது 3 மில்லிமீட்டர் மட்டும் நீள்கிறது. போக இடமில்லாததால் நடுவில் மேலெழுகிறது. எவ்வளவு உயரம்? கேட்டவுடன் பலரும் மூன்று, நான்கு மில்லிமீட்டர் என்பார்கள். நடுவில் மடங்கிக் கூரைபோல் எழுந்தால் இரண்டு செங்கோண முக்கோணங்கள் கிடைக்கும். பிதாகரஸ் தேற்றம் போதும். அடிப்பக்கம் 1500, சாய்பக்கம் 1501.5. உயரம் 67 மில்லிமீட்டர். மடங்காமல் மெல்லிய வில்லாக வளைந்தால் 58. நீட்சி ஒரே ஒரு மில்லிமீட்டர் என்றாலும் வில்லின் உயரம் 33 மில்லிமீட்டரைத் தாண்டும். உயர்வு நீட்சியின் வர்க்கமூலத்தைப் பொறுத்தது என்பதால் சிறிய நீட்சிகளுக்குத்தான் தண்டனை அதிகம்.

அப்படி எழுவதற்குப் பெரிய விசையும் தேவையில்லை. மெல்லிய தண்டை இரு முனையிலும் அழுத்தினால் எந்த விசையில் அது திடீரென்று பக்கவாட்டில் வளையும் என்ற கணக்கை லியோனார்ட் ஆய்லர் 1744-இல் வெளியிட்டார். தடிமனின் கனத்துக்கு ஏற்பத் தாங்கும் விசை கூடும். நீளத்தின் வர்க்கத்துக்கு ஏற்பக் குறையும். 8 மில்லிமீட்டர் தடிமனும் ஒரு மீட்டர் அகலமும் 3 மீட்டர் நீளமும் உள்ள இழைப்பலகைக்கு அந்தச் சூத்திரத்தைப் போட்டால் விடை ஏறத்தாழ 20 கிலோ எடைக்குச் சமமான விசை. நிரம்பிய சமையல் எரிவாயு சிலிண்டரின் எடையைவிடக் குறைவு. தரையின் சொந்த எடையும் மேலே கிடக்கும் கட்டிலும் பீரோவும் இதைத் தள்ளிப்போடும்; பலகை ஒன்றிரண்டு இடத்தில் உறுதியாக அழுந்தியிருந்தால் எதுவும் இல்லாத இடத்தில்தான் மேடு கிளம்பும். அறையின் நடுவே, ஆள் நடக்கும் பாதையில்.

நீண்ட பற்றவைத்த தண்டவாளங்களில் ரயில்வே இதற்கு வேறு வழி கண்டது: ஸ்லீப்பரும் ஜல்லியும் சேர்ந்து தண்டவாளத்தை நகரவிடாமல் இறுக்கிப் பிடித்து, விரிவை உள்ளேயே அழுத்தமாகச் சிறைவைப்பது. 8 மில்லிமீட்டர் பலகையிடம் அந்த வித்தை பலிக்காது. அதை விட்டுத்தான் பிடிக்க வேண்டும்.

தச்சர்களுக்கு இது புதிய செய்தி அல்ல. பழைய வீட்டுக் கதவு ஒன்றைக் கவனியுங்கள். சட்டங்கள் நாலு பக்கமும். நடுவே அகன்ற பலகை. அந்த நடுப்பலகையைச் சட்டத்தில் பசை போட்டு ஒட்டுவதில்லை. சட்டத்தின் உட்பக்கம் காடி எடுத்து, அதற்குள் பலகையின் விளிம்பைத் தளர்வாகச் செருகி விடுவார்கள். மழையில் பலகை அகன்றால் காடிக்குள் இன்னும் உள்ளே போகும். வெயிலில் சுருங்கினால் கொஞ்சம் வெளியே வரும். காடியின் உதடு எப்போதும் விளிம்பை மறைத்துக்கொண்டே இருக்கும். வார்னிஷ் பூசிய பழைய கதவில் கோடையில் பலகையோரம் பூச்சுப் படாத வெளிறிய கோடு ஒன்று தெரிவது இதனால்தான்.

சுவரோரத்து ஸ்கர்ட்டிங் சட்டமும் தரையும் சேர்ந்தால் அதே காடிதான், படுக்கவைத்த வடிவில். ஸ்கர்ட்டிங் என்பது மேலுதடு. பழைய தரை கீழுதடு. லேமினேட் பலகையின் விளிம்பு இரண்டுக்கும் நடுவே போய்வரும் நாக்கு. உதட்டைச் சுவரில் பிடிக்க வேண்டும். தரையில் ஓர் ஆணி, ஒரு சொட்டுப் பசை கூடாது. சட்டம் தரையின் மேல் இலேசாக உட்காரலாம். அழுத்திக்கொண்டு உட்காரக் கூடாது. பொருத்தும்போது அடியில் ஒரு தடித்த தாளை வைத்து, ஆணி அடித்த பிறகு உருவிவிடுபவர்கள் உண்டு, நல்ல பழக்கம்.

சட்டத்தின் உயரம் அழகுக்கு. தடிமன்தான் வேலை செய்கிறது. 10 மில்லிமீட்டர் இடைவெளி விட்டிருக்கிறோம். வறண்ட பருவத்தில் பலகை 4 மில்லிமீட்டர் பின்வாங்கினால் விளிம்பு சுவரிலிருந்து 14 மில்லிமீட்டர் தள்ளி நிற்கும். 12 மில்லிமீட்டர் தடிமனுள்ள ஸ்கர்ட்டிங் அப்போது இடைவெளியைக் காட்டிக்கொடுத்துவிடும். 15-க்குக் குறையாமல், முடிந்தால் 18 மில்லிமீட்டர் தடிமனில் வாங்குவது நல்லது. சுவர் நேராக இல்லாத வீட்டில் இது இன்னும் அவசியம். நம் சுவர்கள் எத்தனை நேர் என்பது நீண்ட மூலைமட்டம் வைத்துப் பார்த்தவர்களுக்குத் தெரியும்.

நம் அடுக்ககங்களில் ஏற்கெனவே சுவரோரம் நாலங்குல டைல்ஸ் ஸ்கர்ட்டிங் இருக்கும். அதைப் பெயர்த்தால் பூச்சும் சேர்ந்து வரும் என்பதால் யாரும் தொடுவதில்லை. தரை அதன் அடிவரை வந்து நிற்கும்; இடைவெளியை மூட, கால்வட்டப் பீடிங். வட்டத்தை நாலாக வெட்டியதுபோல் ஒரு முகம் சுவருக்கு, ஒரு முகம் தரைக்கு, வளைந்த முகம் நமக்கு. வளைவு உட்புறமாகக் குழிந்திருந்தால் ஸ்கோஷியா. கிரேக்கத் தூண்களின் அடியில் இரண்டு உருண்டை வளையங்களுக்கு நடுவே குழிந்து ஓடும் வரி அதே வடிவம், அதே பெயர். டைல்ஸில் ஆணி இறங்காது. பசைதான். இங்கேதான் தவறு நடக்கிறது: பசைக் குழாயைப் பிடித்தவர் இரண்டு தட்டை முகத்திலும் கோடு இழுத்துவிடுவார், "நல்லா பிடிக்கட்டும்" என்று. சுவர் முகத்தில் மட்டும் பசை வேண்டும். இரண்டிலும் பூசினால் அந்தப் பத்து மில்லிமீட்டரை விட்டதற்கே பொருளில்லாமல் போகிறது. தரை நாலு பக்கமும் சுவரோடு கட்டப்பட்டுவிடும்.

தனிப்பட்ட முறையில் எனக்குக் கால்வட்டப் பீடிங் மேல் பெரிய மரியாதை இல்லை. டைல்ஸ் ஸ்கர்ட்டிங் முன்னால் அது ஒட்டுப்போட்டது போலத்தான் தெரியும். மரச் சட்ட ஸ்கர்ட்டிங் உள்ள வீட்டில் அதைக் கழற்றி, தரை போட்ட பிறகு திரும்பப் பொருத்துவதுதான் முறை. ஒரு நாள் கூடுதல் வேலை, காலத்துக்கும் சுத்தமான கோடு. அறை மூலையில் இரண்டு சட்டங்கள் சேரும் இடத்தில் 45 டிகிரியில் வெட்டுவது பாடப்புத்தகம். மூலை 92 டிகிரி இருந்தால் 46-இல் வெட்ட வேண்டும் என்பது அனுபவம். உள்மூலையில் கைதேர்ந்தவர்கள் சாய்வாக வெட்டுவதையே தவிர்ப்பார்கள். ஒரு சட்டத்தைச் சுவர்வரை நேராக விட்டு, மற்றதன் முனையை முதல் சட்டத்தின் முகவடிவுக்கு ஏற்ப அறுத்து அதன்மேல் பொருத்துவார்கள். சட்டம் காய்ந்து ஒரு மில்லிமீட்டர் பின்வாங்கினால் சாய்வு வெட்டு வாய் பிளக்கும். இந்த வெட்டில் பிளவு பார்வைக்கு மறைந்திருக்கும்.

சட்டமும் அசையும் என்பதை மறந்துவிடுகிறோம், அதுவும் தரையைப் போலல்லாமல் தன் போக்கில். எம்.டி.எஃப். என்ற நடுத்தர அடர்த்தி இழைப்பலகைச் சட்டம் ஈரத்துக்கு ஆடும். பி.வி.சி. சட்டத்துக்கு ஈரம் ஒரு பொருட்டல்ல, அதற்குச் சூடு. 2.4 மீட்டர் பி.வி.சி. பட்டை 20 டிகிரி சூடேறினால் ஏறக்குறைய 3 மில்லிமீட்டர் நீளும்; அதே நீள அலுமினியப் பட்டை ஒரு மில்லிமீட்டர் சொச்சம். பால்கனிக் கண்ணாடிக் கதவு வழியாக வெயில் விழும் இடத்தில் பி.வி.சி. பீடிங்கை முனைக்கு முனை முட்டவைத்து ஒட்டினால் சித்திரையில் அது அலைபோல் நெளியும். கீழே தரை வறட்சியில் சுருங்கிக்கொண்டிருக்கும் அதே மதியம் மேலே பீடிங் விரிந்துகொண்டிருக்கும்.

வாசல்தான் கடினமான இடம். இரண்டு அறைகளின் தரையைக் கதவடியில் துண்டிக்காமல் ஒரே தகடாக ஓடவிட்டால் பார்க்க நன்றாக இருக்கும். ஆனால் இரண்டு பெரிய தகடுகள் ஒரு மீட்டர்கூட இல்லாத கழுத்தில் இணைந்து, ஒன்று ஒரு பக்கமும் மற்றது இன்னொரு பக்கமும் நகரப் பார்த்தால் முறுக்கு முழுவதும் கழுத்தில் விழும். கொக்கி அங்கே விட்டுவிடும். அதனால் கதவடியில் தரையைத் துண்டித்து டி ப்ரொஃபைல் வைப்பார்கள். டி எழுத்தின் கால் இடைவெளிக்குள் இறங்கிப் பழைய தரையில் திருகிய தடத்தைப் பற்றிக்கொள்ளும். இரண்டு சிறகும் இரு பக்கப் பலகைகளின் மேல் ஒட்டாமல் படுத்திருக்கும். நீளம் எட்டு, பத்து மீட்டரைத் தாண்டும் கூடத்திலும் நடுவே ஒன்று வைக்கச் சொல்வார்கள் பல தயாரிப்பாளர்கள். வீட்டுக்காரர்கள் வேண்டாம் என்று அடம்பிடிக்கும் பொருள் இதுதான். நடுக்கூடத்தில் ஒரு கோடு யாருக்குத்தான் பிடிக்கும்? பக்கத்து அறையின் டைல்ஸ் தாழ்வாக இருந்தால் சரிவாக இறங்கும் ரெட்யூசர். பால்கனிக் கதவின் தடத்தருகே முடிந்தால் எண்ட் ப்ரொஃபைல். இவற்றில் விதி மாறுவதில்லை, வடிவம்தான் மாறுகிறது.

நிலைக்கால் அருகே பலகையை நிலையின் வடிவத்துக்கு வளைத்து வளைத்து வெட்டுவதைவிட, நிலையின் அடியைப் பலகைத் தடிமனுக்கு அறுத்து, பலகையை அதன் கீழே நுழைப்பது நேர்த்தி. வீட்டுக்காரர் தேக்கு நிலையில் ரம்பம் வைக்க விடாதபோது, இடைவெளியை விட்டு, பலகை நிறத்துக்கு ஏற்ற நெகிழும் பூச்சால் நிரப்ப வேண்டியதுதான்.

அந்த நெகிழும் பூச்சுக்கும் ஓர் இயற்பியல் உண்டு. சமையலறை, குளியலறை வாசலில் தண்ணீர் இடைவெளிக்குள் இறங்காமல் சிலிக்கோன் போடுவார்கள். சிலிக்கோன் இரண்டு பக்கச் சுவர்களில் மட்டும் ஒட்டியிருந்தால் ரப்பர் பட்டைபோல் நீளும், சுருங்கும். இடைவெளியின் அடித்தரையிலும் ஒட்டிக்கொண்டால் மூன்று பக்கமும் கட்டுண்டு, நீள வழியின்றி ஓரத்தில் கிழியும். அதனால் முதலில் நுரைக் கயிறு ஒன்றை இடைவெளிக்குள் திணிப்பார்கள். சிலிக்கோன் அதில் வலுவாக ஒட்டாது. பூச்சின் ஆழமும் கட்டுக்குள் நிற்கும். விலை மலிவான அந்தக் கயிற்றை மிச்சம் பிடிப்பவர்கள், இரண்டு வருடத்தில் விளிம்பு கறுத்து வீங்கிய பலகையை மாற்றுவார்கள்.

நாலு சுவரோரமும் இடைவெளி சரியாக விட்டிருந்தும் தரை எழுந்தது என்றால் பிடிப்பு வேறு எங்கோ இருக்கிறது. தரையின் மேல் வைத்துக் கட்டிய மாடுலர் கிச்சன் அலமாரி, மேலே கிரானைட் பலகையோடு, அறையின் ஒரு பக்கத்தை ஆணியடித்தது போல் அழுத்திவிடும். எதிர்ப்பக்கச் சுவரின் இடைவெளி முழு அறையின் அசைவையும் தனியாகத் தாங்க வேண்டியிருக்கும். அலமாரியை முதலில் கட்டி, தரையை அதன் கால்வரை கொண்டுவந்து நிறுத்துவதே வழி. தண்ணீர்க் குழாயைச் சுற்றி இடைவெளி விடாமல் துளைத்தாலும் இதே கதைதான். குழாய் விட்டத்தைவிட 20 மில்லிமீட்டர் பெரிதாகத் துளைத்து, வளையத்தால் மறைக்க வேண்டும். எல்லாம் முடிந்து ஆள்கள் போன பிறகு, கதவு சுவரில் இடிக்கிறதே என்று ஒரு காந்தத் தடுப்பானை வாங்கி வந்து, பலகை வழியாகக் கீழ்த்தரை வரை ஒரு திருகை இறக்குவார் வீட்டுக்காரர். அந்த ஒரு திருகு போதும். தடுப்பானைச் சுவரிலேயே பொருத்தலாம். தரையில்தான் வேண்டுமென்றால் பலகையில் துளையை அகலமாகப் போட்டு, திருகு பலகையைத் தொடாமல் நேரே கீழே இறங்கும்படி வைத்து, தடுப்பானின் அடித்தட்டு அந்தத் துளையை மூடும்படி பார்த்துக்கொள்ள வேண்டும்.